தீபக்கும் பிலாட்டஸும்: இந்திய விமானப்படையின் இரு தொடக்கநிலைப் பயிற்சி விமானங்கள்

இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கி, 1977 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்த எச்.பி.டி.-32 தீபக், 260 குதிரைத்திறன் கொண்ட பிஸ்டன் எந்திரத்தில் இயங்கியது. ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்ந்ததால், மாணவரின் கைத்தடுமாற்றத்தை ஆசிரியர் உடனே கண்டு திருத்த முடிந்தது. தொடக்கப் பாடத்துக்கு இதுவே சிறந்த ஏற்பாடு என்பது என் கருத்து. ஆனால் பறக்கும்போதே எந்திரம் நின்றுபோகும் கோளாறு அதை விடாமல் துரத்தியது; அவசரத்தில் விமானியை வெளியே எறியும் இருக்கையும் அதில் இல்லை. 2009 ஜூலையில் நேர்ந்த விபத்தில் இரு பயிற்றுநர்கள் உயிரிழந்ததும், தீபக் விமானங்கள் பறப்பதே நிறுத்தப்பட்டது.

இடைக்காலத்தில், அடுத்த நிலைப் பயிற்சிக்கான கிரண் ஜெட் விமானத்திலேயே புதியவர்கள் பறக்கத் தொடங்கினர். நடைவண்டி இல்லாமல் மிதிவண்டி ஏறியது போலத்தான்.

2012-இல் 75 எண்ணிக்கையில் வாங்க ஒப்பந்தமான சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி.சி.-7 மார்க் 2, 2013 மே மாதம் ஐதராபாத் அருகே துண்டிகலில் உள்ள விமானப்படை அகாடமியில் சேவைக்கு வந்தது. 700 குதிரைத்திறன் டர்போபிராப் எந்திரம் (வாயுச்சுழலியால் முன்விசிறியைச் சுழற்றுவது), போர்விமானத்தைப் போல ஒருவர் பின் ஒருவராக அமரும் அறை, வெளியேற்றும் இருக்கைகள் ஆகியவை அதன் வலிமைகள். உள்நாட்டுத் தயாரிப்பு என்ற பெருமை தீபக்குக்கு உண்டெனினும், பாதுகாப்பில் பிலாட்டஸே மேலானது.