இரட்டைச் சிறுகோளுக்குக் காவல்: தனியாகவா, கூட்டாகவா, வாடகைக்கா?

எட்டு அங்குலத் தொலைநோக்கியில் இரட்டைச் சிறுகோள், அதாவது ஒரு சிறுகோளும் அதைச் சுற்றும் துணைக்கோளும், பார்க்க முடியுமா என்று கேட்டால், முடியும், ஆனால் இரண்டாகத் தெரியாது. ஒரே புள்ளிதான். இரவெல்லாம் படம் எடுத்து, அந்தப் புள்ளியின் வெளிச்சம் எப்போது இறங்குகிறது என்று கணக்கு வைப்பதுதான் வேலை. துணைக்கோள் பெரியதை மறைத்தாலோ அதன் பின்னால் ஒளிந்தாலோ, ஒன்றின் நிழல் மற்றதன் மேல் விழுந்தாலோ வெளிச்சம் குறையும். துணையின் விட்டம் ஐந்தில் ஒரு பங்கு என்றால் பரப்பு இருபத்தைந்தில் ஒன்று, ஆக நூற்றுக்கு நாலு குறையும். அவ்வளவுதான் சமாசாரம். அந்த நாலை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

எங்கள் கொல்லை ஆந்திராவில் குப்பம் ஊருக்கும் வி.கோட்டாவுக்கும் நடுவில். நாலு வீடு தமிழ், நாலு வீடு தெலுங்கு, வானம் பரவாயில்லை. முதலில் நான் தனியாகத்தான் ஆரம்பித்தேன். தனியாகச் செய்வதில் ஒரு சுகம் உண்டு: யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், ஒரே கேமரா, ஒரே ஃபில்டர். ஆனால் கணக்கு ஒத்துழைக்காது. டிடிமோஸ் என்ற இரட்டைச் சிறுகோளை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் வேண்டுமென்றே மோதுவதற்கு முன், அதன் துணைக்கோள் டைமார்ஃபோஸ் அதைச் சுற்ற 11 மணி 55 நிமிடம் எடுத்தது. இரண்டு சுற்று 23 மணி 50 நிமிடம். அதாவது இன்றைக்கு ராத்திரி பத்து மணிக்குப் பார்த்த மறைப்பு நாளைக்கு 9.50க்கு வரும், மறுநாள் 9.40க்கு. நமக்கு இரவில் எட்டு மணி நேரம் கிடைக்கிறது என்றால் சுற்றில் மீதி நாலு மணி நேரம் பகலிலேயே கிடக்கும். பத்துப் பத்து நிமிடமாக அதை இழுத்துக்கொண்டுவர இருபத்து நாலு இரவு வேண்டும். நடுவில் பௌர்ணமி வரும், மேகம் வரும், அதற்குள் சிறுகோளே தூரம் போய் மங்கிவிடும். மோதலுக்கு அப்புறம் சுற்று 11 மணி 23 நிமிடமாகக் குறைந்ததே, அதில் ஒரு இரவுக்கு ஒரு மணி 14 நிமிடம் நகரும், நாலு நாளில் வேலை முடிந்தது. ஒரு விண்கலத்தை மோதவிட்டால் தனி ஆளுக்கு வசதி என்று நான் கேலியாகச் சொல்வது இதனால்தான்.

கூட்டாகச் செய்தால் இந்தச் சிக்கலே இல்லை. கிழக்கு ஆஸ்திரேலியாவில் இரவு எட்டு மணி என்றால் நமக்குப் பிற்பகல் மூன்றரை. அங்கே விடிகிறபோது நமக்கு நடுநிசி தாண்டியிருக்கும். நாம் மூட்டை கட்டுகிற நேரத்தில் கேனரித் தீவுகளில் நல்ல இருட்டு, அதற்கு அப்புறம் சிலி. நாலு தீர்க்கரேகையில் நாலு சின்னத் தொலைநோக்கி இருந்தால் இரண்டே நாளில் முழுச் சுற்றும் கைக்கு வரும். செக் நாட்டு ஒன்ட்ரெயோவ் வான்நோக்ககத்தின் பீட்டர் ப்ரவெட்ஸ் பல வருடமாக இப்படித்தான் உலகம் முழுக்க ஆட்களைச் சேர்த்து இரட்டைச் சிறுகோள்களைத் தேடிப் பிடித்துவருகிறார், அந்த ஆட்களில் எத்தனையோ பேர் கொல்லைப்புறப் பொழுதுபோக்காளர்கள்தான்.

கூட்டுக்கும் தலைவலி இல்லாமல் இல்லை. ஒருவர் சிவப்பு ஃபில்டர், ஒருவர் ஃபில்டரே இல்லை, ஒருவர் வெளிச்சத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேறு நட்சத்திரம். எல்லாவற்றையும் ஒரே கோட்டில் ஒட்டினால், மறைப்பா ஒட்டுவேலையின் மேடுபள்ளமா என்று தெரியாது. ஆகவே ஒவ்வொருவரும் மறைப்புக்கு முன்னும் பின்னும் சேர்த்து நீளமாக எடுக்க வேண்டும், அரை மணி நேரத் துண்டு யாருக்கும் உதவாது. நேரம் அதைவிட முக்கியம். எங்கள் கொல்லையில் சிக்னல் கிடையாது. ஒரு வாரம் மடிக்கணினியின் கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தி ஓடியது எனக்குத் தெரியவில்லை. ஆஸ்திரேலியக்காரர் மெயிலில் மரியாதையாகக் கேட்டார், உங்கள் வெளிச்சப் பள்ளம் மட்டும் ஏன் முன்னால் வருகிறது என்று. வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து ஜிபிஎஸ் நேரம் இல்லாமல் மூடியைக்கூடத் திறப்பதில்லை.

வாடகைத் தொலைநோக்கிக்குப் பரிந்து பேசுகிறவர் எங்கள் பலமநேர் நண்பர். காலையில் டீக்கடையில் உட்கார்ந்து சிலி வானத்தைப் படம் பிடிக்கலாம், சொகுசுதான். ஆனால் மணிக்கணக்கில் காசு. இரட்டைச் சிறுகோளுக்கு ஐந்தாறு இரவு தொடர்ச்சியாக வேண்டும் என்றால் பை காலி. கூட்டு அளவீட்டில் ஒரு இரண்டு மணி நேரம் ஓட்டை விழுந்தால் அதை அடைக்க மட்டும் வாடகைக்கு எடுங்கள். காவலூர் வான்நோக்ககத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி பற்றியும் கேட்பார்கள். எங்களுக்குப் பக்கத்து மலைதான், 1988இல் 4130 ராமானுஜன் சிறுகோளைக் கண்டுபிடித்த இடம். விண்ணப்பம் போட்டுச் சில இரவு வாங்கலாம், மங்கலான கோளுக்கு அதுதான் சரி. ஆனால் இங்கே நமக்குக் குறை கண்ணாடியின் அகலத்தில் இல்லை. எவ்வளவு பெரிய கண்ணாடியானாலும் காவலூரில் பகல் பகல்தானே.

கடைசியாக நட்சத்திர மறைப்பு. சிறுகோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும்போது தரையில் ஓடும் நிழலின் குறுக்கே ஆட்களை நிறுத்துவது. அளவும் வடிவமும் நேரடியாகக் கிடைக்கும். 2006 நவம்பரில் ஜப்பானியர்கள் கலியோபி சிறுகோளின் துணையான லைனஸின் நிழலையே இப்படிப் பிடித்தார்கள். கையா விண்கலம் நட்சத்திர இடங்களைத் துல்லியமாக அளந்த பிறகு நிழல் எங்கே விழும் என்பதைக் கிட்டத்தட்ட நம்பலாம். ஆனால் ஒரு கிலோமீட்டர் துணைக்கோளின் நிழல் நொடிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், நட்சத்திரம் காணாமல் போவது நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. வீடியோ வேண்டும், அதிர்ஷ்டமும் வேண்டும். புதிதாகத் துணை தேட இது ஆகாது. இருப்பது தெரிந்த பின் அளக்க மட்டும், அந்த வேலைக்கு இதை அடிக்க ஆள் இல்லை.

போன ஜனவரியில் முயன்றோம். குடியாத்தம் பக்கத்திலிருந்து பலமநேர் வரை ஆறு இடம் குறித்தோம். சாயங்காலம் கொல்லைக்காரர் போன் செய்தார்: "அண்ணா, இன்னிக்கு இந்தப் பக்கம் வேணாம், கௌண்டின்யா காட்டிலிருந்து அஞ்சாறு யானை இறங்கியிருக்கு." அவர் பரணில் டார்ச்சும் பட்டாசுமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு இடத்தைக் கைவிட்டோம். மிச்ச நாலு பேருக்கும் நட்சத்திரம் இமைக்கவே இல்லை. நிழலின் நடுக்கோடு போனது, நாங்கள் கைவிட்ட இரண்டுக்கும் இடையில்.