அனுப்பு பொத்தானை அமுக்கிய பிறகு: ஜிமெயில், வாட்ஸ்அப் வசதிகள் எப்படி?

எதைப் பார்த்தாலும் நம் கருத்தை உடனே சொல்லியே ஆகவேண்டும் என்று கை பரபரக்கிறது பாருங்கள், அதைக் கொஞ்சம் பிடித்து நிறுத்த நம் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது, அவற்றில் எது உருப்படியாக வேலை செய்கிறது என்று எழுதுகிறேன். எல்லாம் இலவசம்தான், ஆனால் நிறையப் பேர் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் முதலிடம் ஜிமெயிலின் அன்டூ வசதிக்குத்தான். 2009-ல் சோதனை முயற்சியாக வந்து, 2015-ல் எல்லோருக்குமான செட்டிங் ஆனது. கம்ப்யூட்டரில் சென்ட் கொடுத்ததும் திரையின் கீழே இடது மூலையில் சின்னதாக ஒரு பட்டை வரும், அதில் உள்ள அன்டூவைத் தட்டினால் நாம் எழுதியது அப்படியே திரும்ப வந்து நிற்கும். போன மெயிலைத் துரத்திப் பிடித்து இழுத்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, மெயில் கிளம்பவே இல்லை, நாம் குறித்த நேரம் வரை அதை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இதன் பலமே அதுதான், நாம் ஏதோ எழுதினோம், அப்புறம் பின்வாங்கினோம் என்பதற்கு எதிராளியிடம் ஒரு தடயமும் இருக்காது. முதலில் 5 நொடிதான் வைத்திருப்பார்கள், அது எதற்கும் பத்தாது. செட்டிங்ஸில் 10, 20, 30 என்று இருக்கிறது, 30 போட்டுவிடுங்கள். ரிப்ளை ஆல் கொடுத்துவிட்டோம் என்பதும், முதல் வரியிலேயே ஒருவரை முட்டாள் என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறோம் என்பதும் சென்ட் கொடுத்த அடுத்த கணம்தான் கண்ணில் படும். அதுவரை நம் கண்ணால் படித்ததை அப்போதுதான் வாங்குகிறவர் கண்ணால் படிக்கிறோம்.

30 நொடியில் கோபம் தணியுமா என்றால், தணியாது. அதற்கு ஷெட்யூல் சென்ட் இருக்கிறது, 2019-ல் வந்தது. ராத்திரி கொதிப்போடு எழுதியதைக் காலை 8 மணிக்குப் போகும்படி வைத்துவிட்டுப் படுத்துவிடலாம், 7 மணிக்கு எழுந்து படித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் ரத்து செய்யலாம், அது டிராஃப்டாகத் திரும்பிவிடும். எழுதித் தீர்த்த திருப்தியும் கிடைக்கிறது, யார் மனமும் நோகவில்லை. இது புது யோசனையும் இல்லை. 1995-ல் வந்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நாகரிகக் குறிப்பிலேயே, உணர்ச்சிவசப்பட்டு எழுதிய பதிலை ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் விஷயத்தில் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. அங்கே கொடுத்திருப்பது எல்லாம் போன பிறகு செய்கிற வைத்தியம். அனுப்பிய மெசேஜை எல்லோர் போனிலிருந்தும் அழிக்கும் வசதி 2017-ல் வந்தபோது 7 நிமிஷம்தான் கெடு, இப்போது இரண்டு நாளுக்கும் மேல். கெடு நீண்டதால் பெரிய லாபம் இல்லை, ஏனென்றால் அழித்த இடத்தில் அழிக்கப்பட்டது என்ற அறிவிப்பு உட்கார்ந்திருக்கும், அதைப் பார்த்துவிட்டு என்ன எழுதினாய் என்று நாலு பேர் கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்லப் போய் முதலில் எழுதியதைவிட மோசமாக மாட்டிக்கொள்வோம். ஆண்ட்ராய்டு 11-லிருந்து, வந்த அறிவிப்புகளைச் சேர்த்து வைக்கும் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி வேறு இருக்கிறது, அதை ஆன் செய்து வைத்தவர் அழித்ததையும் படித்துவிடலாம். 2023-ல் வந்த எடிட் வசதி 15 நிமிஷம் வரை உதவும், எழுத்துப்பிழை திருத்த நல்லது, சொல்லக்கூடாததைச் சொன்னதற்கு உதவாது.

ஆனால் பதில் எழுதாமல் மெசேஜின் மேலேயே ஒரு எமோஜி போடும் ரியாக்ஷன் 2022-ல் வந்தது, அதை மனசாரப் பாராட்டுகிறேன். குரூப்பில் ஒருவர் குழந்தையின் போட்டோ போட்டால் அதற்குக் கீழே முப்பது சூப்பர், அதற்கு நடுவே ஒருவர் பிள்ளை இளைத்துவிட்டதே என்று தன் கருத்தையும் வைப்பார். நாம் சொல்ல நினைப்பதில் பெரும்பாலானது கருத்தே இல்லை, நானும் பார்த்தேன் என்று தெரிவிக்கும் ஆசைதான், அதை ஒரு இதயம் தீர்த்துவிடும், நோட்டிஃபிகேஷனும் போட்டோ போட்டவருக்கு மட்டும்தான் போகும், மற்றவர்கள் போன் சும்மா இருக்கும்.

ட்விட்டர் ஒரு காலத்தில் செய்ததையும் சொல்லவேண்டும். கடுமையான பதிலை அனுப்பப் போனால், ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்களேன் என்று நிறுத்திக் கேட்டது. அப்படிக் கேட்டபோது 34 சதவீதம் பேர் மாற்றி எழுதினார்கள் அல்லது அனுப்பாமலே விட்டார்கள் என்று 2021-ல் அந்த நிறுவனமே சொன்னது. அதட்டலும் இல்லை, தடையும் இல்லை, ஒரே ஒரு கேள்வி, அதற்கே மூன்றில் ஒருவர் யோசித்திருக்கிறார்! கேட்பது அனுப்புவதற்கு முன்னால் என்பதால்தான் இது பலிக்கிறது, வாட்ஸ்அப்பில் எனக்குக் குறையாகப் படுவதும் இதுவே.

சரி, வாட்ஸ்அப்பில் இப்போதைக்கு என்ன வழி? நமக்கு நாமே மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறதே, சூடான பதிலை முதலில் அங்கே போடுங்கள். மறுநாளும் அது சரியென்று பட்டால் காப்பி செய்து உரிய இடத்தில் ஒட்டுங்கள்.

ஐந்துக்கு ஜிமெயிலுக்கு நாலரை, வாட்ஸ்அப்புக்கு மூன்று. அனுப்புவதற்கு முன் 10 நொடி பிடித்து வைக்கும் வசதியை அவர்கள் கொடுத்தால் அந்த மூன்றை நாலரையாக மாற்றிவிடுவேன்.