பூட்டனைத் தேடப் போன மேசை: ஐந்துக்கு நாலு

கச்சேரிக்குப் போற வழியில், போட்டோக்கொப்பிக் கடையின் ஓரத்தில் ஒரு மேசை. பெயர்ப்பலகை ஒன்றும் கிடையாது. நொத்தாரிசு ஒருவரிடம் 30 வருடம் கிளாக்கராக இருந்த ஐயா அங்கே பழைய உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை, வாசித்து, விளங்கும் தமிழில் எழுதித் தருகிறார். வருகிறவர்கள் பெரும்பாலும் காணிச் சண்டைக்காரர்கள். நான் போனது என் பூட்டனைத் தேடி.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட அன்று பூட்டன் தொலைந்தார் என்பது வீட்டுக் கதை. அப்பப்பா சொன்னதாக அப்பா சொல்வார். பூட்டன் பெயரில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இறப்புப் பதிவைத் தேடச் சொல்லி 1942 என்று எழுதிக் கொடுத்தேன். இல்லை என்று வந்தது.

ஐயா கேட்ட முதல் கேள்வி: "பிள்ளை, உங்கட பக்கத்து வளவு ஆரின்ர?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்கட உறுதி துலைஞ்சால் என்ன, அடுத்த வளவு உறுதியில பூட்டன் எல்லைக்கு நிப்பார்தானே!"

பக்கத்து வளவுக்காரரின் பேரப்பிள்ளைகள் இப்போது உப்புவெளியில். கெஞ்சிக் கேட்டு இரண்டு உறுதிகள் வாங்கிப் போனேன். 1919ஆம் ஆண்டு உறுதி நாலாக மடித்த மடிப்பிலேயே ஓட்டை விழுந்து கிடந்தது. எழுத்தில் புள்ளியே இல்லை. நான் கிறுக்கல் என்று நினைத்ததெல்லாம் ௵, ௴, ௳. வருடம், மாதம், திகதியாம். ஐயா பூதக்கண்ணாடியைப் பிடித்து, கடதாசியில் விரல் படாமல், பாட்டுப் படிப்பது போல வாசித்தார். கிழக்கு எல்லைக்கு வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார். பூட்டனின் பெயர், அவருடைய தகப்பன் பெயரோடு.

1926ஆம் ஆண்டு உறுதியில் அதே கிழக்கு எல்லை "மரித்துப்போன" என்று தொடங்கி, பூட்டனின் "உரிமைக்காரர் காணி" என்று முடிந்தது. குண்டு விழ 16 வருடத்துக்கு முதலே ஆள் இல்லை!

அந்த இடைப்பட்ட வருடங்களைக் குறித்து மறுபடி விண்ணப்பித்தேன். 1923இல் பதிவு கிடைத்தது. இறப்புக்குக் காரணம்: காய்ச்சல். அப்பா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "அப்ப குண்டுக்கு ஓடேக்க துலைஞ்சது உறுதிப் பெட்டியாத்தான் இருக்கும்" என்றார்.

ஒரு உறுதிக்கு 1,500 ரூபா. என்னைக் கேட்டால் மலிவு. ஆனால் மூன்று கிழமை இழுத்தார். அவர் எழுதித் தந்ததை வாசிக்க எனக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. ஒரு நட்சத்திரம் குறைத்தது அதற்குத்தான்.

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1867இல். அதற்கும் முந்தியவர்களைத் தேடுகிறவர்களுக்கு இந்த மேசை காணாது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளை, அதாவது காணி, குடும்ப விபரப் பதிவேடுகளை, பார்க்கக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும்.

போகிறவர்கள் மூல உறுதியையே கொண்டு போங்கள். கொப்பியில் மடிப்பில் உள்ள எழுத்து விழாது. தயவுசெய்து லெமினேட் பண்ணாதீர்கள். வேறொரு கடையில் "பழுதாகாது அக்கா" என்று அம்மம்மாவின் சீதன உறுதியைச் சூட்டில் ஒட்டித் தந்தார்கள். சுருங்கிப் போய்க் கிடக்கிறது, இனி உரிக்கவும் ஏலாது. வெள்ளிக்கிழமையும் போகவேண்டாம், ஐயா பத்திரகாளி கோயிலில் நிற்பார்.