நீரடுக்கு விசையை அளக்க மைக்கா வட்டுகள்: ஒரு மதிப்பீடு

அணுவிசை நுண்ணோக்கியில் (பரப்பை நெருங்கும் நுண்ணிய ஊசிமுனை உணரும் விசையை அளக்கும் கருவி) நீரின் விசையை அளப்பவர்கள் ஊசிமுனையைத் தேடித்தேடி வாங்குவார்கள். அடியில் கிடக்கும் பரப்பைப் பற்றி அவ்வளவு கவலைப்படுவதில்லை. எனக்கு இரண்டும் ஒரே அளவு முக்கியம். நீர் மூலக்கூறின் பருமன் ஏறக்குறைய 0.25 நானோமீட்டர். பரப்பு அதைவிடக் கரடுமுரடாக இருந்தால் நீர் அங்கே ஒழுங்காக அடுக்கு கட்டாது.

இந்தப் பொதியில் வருபவை ஏடு ஏடாக உரியும் மைக்கா கனிமத்தின் ஒரு வகையான மஸ்கோவைட்டின் உயர்தர வட்டுகள். ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தால் மேல் ஏடு கழன்று வருகிறது. நாடாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது என் வழக்கம். ஏடு முழு வட்டமாக வந்திருந்தால் பரப்பு பெரும்பாலும் நன்றாக இருக்கும். பாதியில் கிழிந்திருந்தால் பரப்பில் படிகள் நிற்கும். மிகச் சிறிய படியே ஏறக்குறைய 1 நானோமீட்டர், அதாவது நான்கு நீரடுக்கு உயரம்! இவற்றில் பெரும்பாலானவை முழுதாகவே உரிகின்றன.

உரித்ததும் நீர்த்த பொட்டாசியம் குளோரைடு கரைசலை ஒரு சொட்டு விட்டு முனையை மெல்ல இறக்குகிறேன். மிக நெருங்கிய பொருள்களுக்கு இடையே எழும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு மட்டும் இருந்தால், கடைசி ஓரிரு நானோமீட்டரில் முனை சட்டென்று பரப்பில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் நீர் இடம் கொடுப்பதில்லை. விசை ஏறுகிறது, ஓர் அடுக்கு நழுவியதும் இறங்குகிறது, அடுத்த அடுக்கில் மறுபடி ஏறுகிறது. 1983இல் இஸ்ரேலாக்விலி, பாஷ்லி என்ற ஆய்வாளர்கள் இரு மைக்காத் தகடுகளுக்கு இடையே அளந்து காட்டிய ஏற்ற இறக்கம் இதே வகைதான். அந்த வரைகோடு திரையில் தெளிவாக விழும்போது இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அதே வட்டை ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால் கதை தலைகீழ். முனைக்கும் பரப்புக்கும் நடுவே நீர் தானாகத் திரண்டு இரண்டையும் இழுத்துப் பிடிக்கிறது. 10 நானோமீட்டர் ஆரமுள்ள முனைக்கு இந்த இழுவை 9 நானோநியூட்டன் வரை போகும்.

குறை விளிம்பில் இருக்கிறது. சில வட்டுகளை வெட்டிய இடத்தில் ஏடுகள் பிளந்து நிற்கின்றன. அந்தத் துணுக்குகள் கரைசலில் மிதந்து முனையைத் தாங்கும் மெல்லிய பட்டையான கான்டிலீவரில் போய் ஒட்டுகின்றன. உரிக்கும் முன் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிடுங்கள். வட்டைத் தாங்கியில் ஒட்டப் பொதியோடு தரும் இருபக்க ஒட்டுவில்லையையும் நான் பயன்படுத்துவதில்லை; அதன் பசை நீரில் கசிந்து பரப்பை அழுக்காக்குகிறது. எபாக்சிப் பசை போதும்.

விசை அளப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். டிஎன்ஏ போன்றவற்றைப் படமெடுக்க மட்டும் என்றால் இதற்கு அடுத்த தரமே தாராளம்.