குளிர்நீர் பம்பில் மூன்று அதிர்வு உணரிகள்: ஒரு மதிப்பீடு

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் பணிபுரியும் நான், குளிர்நீர் பம்புகளைக் கண்காணிக்க மூன்று வகை அதிர்வு உணரிகளைப் பொருத்திப் பார்த்திருக்கிறேன். எந்தக் கோளாறைத் தேடுகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே உணரியை வாங்க வேண்டும் என்பது ஒரு பேரிங் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் பேரிங்கின் மேல் அப்போது இருந்தது, சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் எஸ்டபிள்யூ-420 என்ற அதிர்வு சுவிட்ச். அதிர்வு உண்டா இல்லையா என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்லாது. அதிலுள்ள நீலத் திருகை ஒரு பக்கம் திருப்பினால் பம்ப் ஓடத் தொடங்கியதுமே அலறும். மறுபக்கம் திருப்பினால் பேரிங் இரையும் வரை வாய் திறக்காது. கதவுத் திருட்டு மணிக்கு இது போதும், இயந்திரத்துக்கு உதவாது.

அடுத்து வாங்கிய ஏடிஎக்ஸ்எல்345 மெம்ஸ் வகை முடுக்கமானி, அதாவது சில்லுக்குள் அடங்கிய நுண்பொறியால் முடுக்கத்தை அளப்பது. புவியீர்ப்பையும் அளப்பதால், மேசைமேல் வைத்தால் 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு), கவிழ்த்தால் எதிர்க்குறியுடன் அதே 1 ஜி என்று காட்டும். சரிபார்க்கத் தனிக் கருவி தேவையில்லை. எங்கள் நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1,500க்குச் சற்றுக் குறைவாகச் சுழல்வதால், சுழலும் பாகத்தின் சமநிலைக் குறைவு ஏறத்தாழ 25 ஹெர்ட்ஸில் தெரியும். இந்த உணரி அதைத் தெளிவாகவே பிடித்தது. ஆனால் நொடிக்கு அதிகபட்சம் 3,200 மாதிரிகள் மட்டுமே எடுப்பதால் அதில் பாதியான 1,600 ஹெர்ட்ஸுக்கு மேல் அதற்கு எட்டாது. பேரிங்கில் விழும் முதல் சிறு பள்ளமோ பல ஆயிரம் ஹெர்ட்ஸில்தான் ஒலிக்கத் தொடங்குகிறது.

அதைப் பிடிக்க, 1 ஜிக்கு 100 மில்லிவோல்ட் தரும் பீசோ முடுக்கமானியே (அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகத்தால் அளப்பது) வேண்டும். விலை பல மடங்கு அதிகம். மாறா மின்னோட்டம் தரும் மூலமும் தேவை. பொருத்தும் முறையில்தான் இதன் பலன் முழுவதும் இருக்கிறது. முதலில் பெயின்ட்டின் மேலேயே காந்தத்தால் ஒட்டினேன். உயர் அதிர்வெண்கள் மங்கிப்போயின. பெயின்ட்டைச் சுரண்டி, உலோகத்தைச் சமமாக்கி, துளையிட்டுத் திருகாணியால் இறுக்கிய பிறகு அதே பேரிங்கின் அதிர்வெண் வரைபடம் வேறாகத் தெரிந்தது.

இந்த மூன்றைத் தவிர நான் பொருத்தாத இன்னொரு வகையும் உண்டு: சுழல் மின்னோட்ட உணரி, தண்டைத் தொடாமலேயே அதன் அசைவை அளப்பது. எண்ணெய்ப் படலத்தில் சுழலும் பெரிய டர்பைன் தண்டுகளுக்கு ஏற்றது. உருளைப் பேரிங் உள்ள எங்கள் பம்புகளுக்கு அது தேவைப்படவில்லை.

இன்று முதன்மைப் பம்புகள் இரண்டிலும் பீசோவும், மற்றவற்றில் மெம்ஸும் இருக்கின்றன.