பர்சுவேஷன் மேப்: வாதக் கட்டுரைக்கு எலும்புக்கூடு தரும், சதையை ஆசிரியர்தான் சேர்க்க வேண்டும்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வாதக் கட்டுரை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் அடிக்கடி எடுக்கும் கருவிகளில் ஒன்று, ரீட்ரைட்திங்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பர்சுவேஷன் மேப். தளத்தை நடத்துவது என்.சி.டி.இ. என்ற அமெரிக்க ஆங்கில ஆசிரியர் அமைப்பு. கட்டுரை எழுதுவதற்கு முன் திட்டமிட உதவுவது மட்டுமே இதன் வேலை. அதைத் தாண்டி எதிர்பார்த்துத் திறப்பவர்கள்தான் 'கட்டமெல்லாம் நிரப்பிவிட்டார்கள், கட்டுரைதான் வரவில்லை' என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

அமைப்பு எளிது. முதலில் மாணவர் தன் நிலைப்பாட்டை எழுதுகிறார். அதற்கு மூன்று காரணங்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் கீழே தகவலோ எடுத்துக்காட்டோ எழுத மூன்று இடங்கள். ஆக மொத்தம் ஒன்பது சான்றுகள். திரையின் மேல் வலது மூலையில் சிறிய வரைபடம் ஒன்று இருக்கிறது. அதைக்கொண்டு எந்தக் கட்டத்துக்கும் நேராகப் போகலாம், வரிசைப்படி நிரப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முடித்ததைச் சேமிக்கலாம், அச்சிடலாம்.

அந்த வரைபடம்தான் கருவியின் சிறந்த பகுதி என்பேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதலில் தோன்றுவது பெரும்பாலும் ஓர் எடுத்துக்காட்டு. காரணம் பிறகு வரும், நிலைப்பாடு கடைசியில்தான் தெளிவாகும். 'முதலில் முன்னுரை எழுது' என்று சொல்லும் படிவங்கள் அந்தப் பிள்ளையை வெற்றுத் தாளின் முன் அரைமணி நேரம் உட்கார வைத்துவிடும். இங்கே தெரிந்த இடத்திலிருந்து தொடங்கலாம். இன்னொரு நன்மை, காரணத்துக்கும் சான்றுக்கும் தனித்தனி இடம் இருப்பது. பத்தியாக எழுதும்போது சான்று இல்லாத காரணம் சொற்களுக்குள் ஒளிந்துகொள்ளும். கட்டத்தில் ஒளிய முடியாது, காலி இடம் கண்ணில் படும்.

இனி சிக்கல்கள். முதல் சிக்கல் காரணங்களிலேயே தொடங்குகிறது. 'பள்ளி நூலகம் மதிய இடைவேளையிலும் திறந்திருக்க வேண்டும்' என்பது நிலைப்பாடு என்று வைத்துக்கொள்வோம். நிரப்பிய தாளில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஒன்று, படிக்க நேரம் கிடைக்கும். இரண்டு, நிறையப் புத்தகம் படிக்கலாம். மூன்று, வாசிப்புப் பழக்கம் வளரும். மூன்று கட்டமும் நிரம்பிவிட்டது, உள்ளே இருப்பது ஒரே காரணம். கருவி இதைக் கண்டுபிடிக்காது. கூறியது கூறல் என்ற பழைய குற்றம் நேர்த்தியாக மூன்று பெட்டியில் அடுக்கப்பட்டு ஆசிரியரிடம் வந்துசேரும்.

இதைப் பிடிக்க ஒரு சோதனை போதும். ஒரு காரணத்தைக் கையால் மறைத்துவிட்டு, 'மீதி இரண்டிலும் இல்லாத எது இதனால் போய்விட்டது?' என்று பக்கத்து மாணவரைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்தக் காரணம் தனிக் காரணம் அல்ல. வேறு காரணம் தேட, யாருக்கு நன்மை என்ற கேள்வி நன்றாக வேலை செய்கிறது: படிக்கிறவருக்கு, படிக்காதவருக்கு, ஆசிரியருக்கு, பள்ளிக்கு. நூலக எடுத்துக்காட்டில், வீட்டில் அமைதியாக உட்கார இடமில்லாத மாணவர் ஒரு காரணம் தருவார், இடைவேளையில் நடைபாதையில் கூடும் நெரிசல் இன்னொன்று தரும். வாசிப்புப் பழக்கம் மூன்றாவதாக நிற்கட்டும்.

இரண்டாவது சிக்கல் ஒன்பது என்ற எண்ணிக்கை. ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் ஒன்பது உண்மையான சான்றுகள் இருக்காது. ஆனால் காலிக் கட்டம் ஒரு கட்டளை மாதிரி நிற்கும், அதனால் ஏதாவது எழுதி நிரப்புவார். 'எல்லோருக்கும் பிடிக்கும்', 'இது மிகவும் முக்கியம்' போன்ற வாக்கியங்கள் சான்றுக் கட்டத்துக்குள் நுழைவது இப்படித்தான். அதைவிட மோசமானது, கற்பனைப் புள்ளிவிவரம். '90 சதவீத மாணவர்கள் விரும்புகிறார்கள்' என்று எழுதியிருந்தால், யார் எண்ணியது என்று கேளுங்கள். உண்மையில் எண்ண வைப்பது இன்னும் நல்லது. வகுப்பில் கை தூக்கச் சொல்லி எண்ண இரண்டு நிமிடம் ஆகும். 'எங்கள் வகுப்பில் 38 பேரில் 27 பேர்' என்ற வாக்கியத்துக்கு இருக்கும் பலம் எந்தக் கற்பனைச் சதவீதத்துக்கும் கிடையாது.

முதல் முறை பயன்படுத்தும்போது இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சான்று போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'இன்னொருவர் சரிபார்க்க முடியுமா?' என்பது சான்றுக்கான நுழைவுச் சோதனை. எண்ணியது, நேரில் கண்டது, துறை தெரிந்தவர் சொன்னது, வாசகருக்கே தெரிந்த நிகழ்வு ஆகிய நான்கில் எந்த வகை என்று கட்டத்தின் ஓரத்தில் ஒரு எழுத்தால் குறிக்கச் செய்தால், எழுதிய நான்கு சான்றும் 'நேரில் கண்டது' ஆகிவிட்டதை மாணவரே பார்த்துவிடுவார்.

ஆனால் இந்தக் கருவியில் என்னை உண்மையில் உறுத்துவது, அதில் இல்லாத ஒன்று. சான்றிலிருந்து காரணத்துக்குப் பாலம் போடும் வாக்கியத்துக்கு இடமே இல்லை. பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஸ்டீஃபன் டூல்மின் 1958இல் வாதத்தை ஆறு உறுப்புகளாகப் பிரித்துக் காட்டியபோது, கூற்றுக்கும் ஆதாரத்துக்கும் நடுவே இரண்டையும் இணைக்கும் நியாயத்தைத் தனி உறுப்பாக வைத்தார். நடுநிலை வகுப்புக் கட்டுரைகளில் காணாமல் போவது அநேகமாக அதுதான். மாணவர் எழுதுவார்: 'இடைவேளையில் நடைபாதையில் நெரிசல் அதிகம். கடந்த வாரம் இரண்டு பேர் இடறி விழுந்தார்கள். எனவே நூலகத்தைத் திறக்க வேண்டும்.' நெரிசலுக்கும் நூலகத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகரே யூகிக்க வேண்டியிருக்கிறது. 'நூலகம் திறந்திருந்தால் ஒரு பகுதி மாணவர்கள் அங்கே போய் உட்காருவார்கள், நடைபாதையில் நிற்பவர் எண்ணிக்கை குறையும்' என்ற ஒரு வாக்கியம் சேர்ந்தால்தான் அது வாதம். கருவியில் இதற்கு இடம் இல்லாததால், அச்சிட்ட தாளில் ஒவ்வொரு சான்றுக்கும் பக்கத்தில் கையால் ஓர் அம்புக்குறி போட்டு, 'இதனால் என்ன?' என்ற கேள்விக்கு விடையை அங்கே எழுத வையுங்கள். ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதையே செய்யுங்கள்.

எதிர்வாதத்துக்கும் கட்டம் கிடையாது. ஆறாம் வகுப்புக்கு அது பெரிய குறை அல்ல. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு காமன் கோர் பாடத் தரநிலைகள்கூட மறுதரப்பைக் குறிப்பிட வேண்டும் என்பதை ஏழாம் வகுப்பிலிருந்துதான் கேட்கின்றன. எட்டாம் வகுப்பில், அதிலிருந்து தன் கூற்று எப்படி வேறுபடுகிறது என்றும் காட்ட வேண்டும். ஆகவே ஏழு, எட்டாம் வகுப்புக்கு இந்தக் கருவியை அப்படியே கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும். மூன்றாவது காரணத்துக்கான கட்டத்தையே எதிர்வாதக் கட்டமாக மாற்றிவிடலாம். அதன் கீழுள்ள மூன்று இடங்களும் பொருத்தமாக அமைகின்றன: முதலில் மறுதரப்பின் வலுவான வாதம், அடுத்து அதில் நாம் ஒப்புக்கொள்ளும் பகுதி, கடைசியில் அப்படியும் நம் நிலைப்பாடு ஏன் நிற்கிறது என்பது. நடு இடத்தை நிரப்பாமல் தாண்டிப் போக விடாதீர்கள். அதைத் தாண்டினால் 'சிலர் வேண்டாம் என்கிறார்கள், ஆனால் அது தவறு' என்ற ஒற்றை வரிதான் மிஞ்சும். 'இடைவேளையில் கண்காணிக்க ஒருவர் தேவை என்பது உண்மைதான்' என்று ஒப்புக்கொண்ட பிறகு, 'வாரம் மூன்று நாள் மட்டும் திறந்தால் அந்தச் சுமை குறையும்' என்று சொல்லும் மாணவரின் பேச்சுக்குக் காது கொடுக்கத் தோன்றும்.

யாரை இணங்க வைக்கப் போகிறோம் என்ற கேள்வியையும் கருவி கேட்பதில்லை. நிலைப்பாட்டுக்கு மேலே 'வாசகர் யார், அவருடைய கவலை என்ன?' என்று ஒரு வரி எழுத வையுங்கள். தலைமை ஆசிரியருக்கு எழுதினால் கண்காணிப்பு முதலில் வர வேண்டும். சக மாணவருக்கு என்றால் அந்தப் பத்தியே தேவைப்படாமல் போகலாம். அதே காரணங்கள்தான், வரிசை மட்டும் மாறும். இதைத் தனிப் பாடமாக நடத்தத் தேவையில்லை, ஒரே தாளை இரண்டு வாசகருக்காக மறுபடி எண்ணிடச் சொன்னால் போதும்.

மற்ற சட்டகங்களோடு ஒப்பிட்டால், ஓரியோ (OREO) ஒரே பத்தி அளவுக்குப் பொருத்தம்: கருத்து, காரணம், எடுத்துக்காட்டு, மறுபடி கருத்து என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். எளிதில் மனத்தில் நிற்கும். ஆனால் கடைசிப் படி முதல் வாக்கியத்தைச் சொல் மாறாமல் திருப்பி எழுதும் பழக்கத்தை வளர்க்கிறது. ட்ரீ (TREE) என்பது தலைப்பு வாக்கியம், காரணங்கள், விளக்கம், முடிவு என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகள். கல்வி ஆய்வாளர்கள் கேரன் ஹாரிஸ், ஸ்டீவ் கிரஹாம் ஆகியோர் உருவாக்கிய எழுத்துப் பயிற்சி முறையோடு சேர்ந்து வருவது. விளக்கம் என்று தனிப் படி இருப்பதால், மேலே சொன்ன பாலம் இதில் விட்டுப்போகாது. அதைவிட முக்கியம், அந்த முறை சட்டகத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதில்லை. பின்னணி அறிவு, கலந்து பேசுதல், ஆசிரியர் எழுதிக் காட்டுதல், மனத்தில் இருத்தல், துணையோடு எழுதுதல், தனியாக எழுதுதல் என ஆறு கட்டங்கள் உண்டு. எழுதத் திணறும் மாணவர்கள் அதிகமுள்ள வகுப்பு என்றால் ட்ரீயையே எடுத்துக்கொள்வேன். காரணம் நிறையச் சொல்கிறார்கள், ஆனால் ஒழுங்கில்லை என்ற வகுப்புக்குப் பர்சுவேஷன் மேப் நன்றாகப் பொருந்தும்.

மூன்று வகுப்பு நேரம் ஒதுக்கினால் திட்டமிடுதல் முடியும். முதல் நாள் ஆசிரியர் பலகையில் ஒரு பர்சுவேஷன் மேப் வரைபடத்தை முழுமையாக நிரப்பிக் காட்ட வேண்டும், வாய்விட்டு யோசித்தபடி, தவறான காரணம் ஒன்றை எழுதி அழித்தும் காட்டி. இந்த நாளைத் தவிர்த்தால் மற்ற இரண்டு நாளும் வீண். இரண்டாம் நாள் மாணவர் தம் வரைபடத்தை நிரப்பி, கையால் மறைக்கும் சோதனையைச் செய்வார்கள். மூன்றாம் நாள் எழுதுவதற்கு முன், தாளைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் வாயால் வாதாட வேண்டும். கேட்பவர் 'ஏன்?' என்று மட்டும் கேட்கலாம். வரைபடத்தில் கண்ணுக்குத் தப்பிய ஓட்டைகளில் பாதி, பேசும்போதுதான் பேசுகிறவருக்கே தெரியும்.

கணினி இல்லாத வகுப்பிலும் எதையும் இழக்கமாட்டீர்கள். ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்து, இடது ஓரத்தில் நிலைப்பாடு, நடுவில் மூன்று கட்டம், வலப்பக்கம் ஒன்பது கோடு. சான்றுக் கோடுகளை வேண்டுமென்றே குட்டையாகப் போடுங்கள். நீளமாக இருந்தால் பிள்ளைகள் முழு வாக்கியம் எழுதிவிட்டு, கட்டுரை எழுதும்போது அதை அப்படியே பெயர்த்து எழுதுவார்கள். முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக என்று பட்டியல் வாசிக்கிற கட்டுரைகள் பிறப்பது அங்கேதான். மூன்று நான்கு சொல் மட்டும் எழுத இடம் இருந்தால், வாக்கியத்தை அவர்களே புதிதாக அமைத்தாக வேண்டும்.

மதிப்பெண் போடும்போது வரைபடத்துக்குத் தனியாக எதுவும் தர வேண்டாம். தந்தால் நிரம்பிய கட்டங்களுக்காகவே நிரப்புவார்கள். கட்டுரையோடு சேர்த்து வாங்கி, வரைபடத்தில் இருந்து கட்டுரையில் கைவிட்ட சான்று எது, ஏன் கைவிட்டார் என்று மட்டும் கேளுங்கள்.