சர்க்கரை நோயாளியின் கால் புண்: பெகாப்லெர்மின் ஜெல்லா, உப்புநீர்க் கட்டா?

எதைத் தேர்ந்தாலும் செத்த சதையை அகற்றணும், புண் மேல் எடை விழக்கூடாது.

வேலை: பெகாப்லெர்மின் ஜெல்லில் இருப்பது பிடிஜிஎஃப் (PDGF). காயத்தில் ரத்தத் தட்டணுக்களும், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் விடும் சமிக்ஞைப் புரதம் இது. திசு கட்டும் செல்களை வரவழைத்துப் பெருக்கும். உப்புநீரில் நனைத்த துணிக்கட்டு ஈரத்தை மட்டும் காக்கும்.

பலன்: 1998இல் வெளியான ஆய்வில், 20 வாரங்களில் ஜெல் பூசியவர்களில் 50% பேருக்குப் புண் மூடியது, மருந்தில்லாத ஜெல்லில் 35%.

செலவு: ஜெல் விலை அதிகம், ஃபிரிட்ஜும் வேண்டும். கட்டு மலிவு.

புற்றுநோய்: செல்லைப் பெருக்கும் சமிக்ஞை புற்றுக்கட்டிக்கும் தீனி போடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008இல் மருந்தின் லேபிளில் கடும் எச்சரிக்கை சேர்த்து, 2018இல் நீக்கியது. ஆனாலும் பூசும் இடத்தில் புற்றுக்கட்டி இருந்தால் ஜெல் கூடவே கூடாது.

ரத்த ஓட்டம் நன்றாக இருந்தும் ஆறாத புண்ணா? ஜெல். புதுப் புண்ணோ, புற்றுக்கட்டி என்ற சந்தேகமோ என்றால் கட்டுதான்.